ஃபர்னஸ் பற்றவில்லை: இக்னைட்டரைச் சோதிப்பதும் மாற்றுவதும்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பெரும்பாலான தனி வீடுகளைக் குளிர்காலத்தில் காப்பது பேஸ்மென்ட்டிலோ ஒரு சிறு அறையிலோ நிற்கும் கேஸ் ஃபர்னஸ்தான். ஓடிக்கொண்டிருக்கும்வரை அப்படியொன்று இருப்பதே நினைவுக்கு வராது. ஜனவரி இரவொன்றில் தெர்மோஸ்டாட் 70 டிகிரி கேட்டுக்கொண்டிருக்க, வீடு 61க்கு இறங்கிவிட்டால்தான் கைவிளக்கோடு கீழே போகிறோம். அந்த நேரத்தில் யாரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "இக்னைட்டர் போயிருக்கும், மாத்திடுங்க." பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரம் புதிய இக்னைட்டரைப் போட்ட பிறகும் வீடு குளிர்ந்தே கிடக்கும்.

இந்த அத்தியாயம் இக்னைட்டரை மாற்றுவதைப் பற்றியதுதான். ஆனால் மாற்றுவது இதில் சின்ன வேலை. ஒரு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், கால் மணி நேரம். அது உண்மையிலேயே கெட்டிருக்கிறதா, ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அது என்ன பொருள்

பழைய ஃபர்னஸ்களில் பைலட் என்ற சிறு சுடர் ஆண்டு முழுவதும் எரிந்துகொண்டே இருக்கும். சூடு தேவைப்படும்போது பெரிய பர்னர் அதிலிருந்து பற்றிக்கொள்ளும். கேஸ் வீணாகிறது என்பது அதன் குறை. 1987இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்படி, 1992 முதல் வீட்டு ஃபர்னஸ்கள் குறைந்தபட்சம் 78 சதவீத எரிபொருள் திறன் காட்ட வேண்டும் என்று ஆனது. எப்போதும் எரியும் பைலட்டோடு அந்த அளவை எட்டுவது கடினம். அதன் இடத்துக்கு வந்தவை இரண்டு: மின்பொறி, மின்சாரத்தால் பழுக்கக் காயும் பீங்கான் துண்டு. இரண்டாவதுதான் இன்று பெரும்பாலான ஃபர்னஸ்களில் இருக்கும் ஹாட் சர்ஃபேஸ் இக்னைட்டர்.

அதன் வேலையில் மர்மம் ஏதுமில்லை. மின்சாரம் பாய்ந்ததும் துண்டு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ந்து ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இயற்கை எரிவாயு பற்றிக்கொள்ள ஏறக்குறைய 600 டிகிரி போதும். அதனால் கேஸ் வந்து தொட்ட கணமே சுடர் எழுகிறது.

நீண்ட காலம் இந்தத் துண்டைச் சிலிக்கான் கார்பைடில் செய்தார்கள். 1891இல் எட்வர்ட் ஆச்சிசன் தற்செயலாகக் கண்டுபிடித்து, கார்போரண்டம் என்று பெயரிட்டு, சாணைக்கல்லுக்கும் உப்புத்தாளுக்கும் விற்ற அதே பொருள்தான். கடினமானது, ஆனால் மெல்லிய கம்பியாக வார்த்தால் அப்பளம் போல நொறுங்கும். சாம்பல் நிறம், சுருள் வடிவம் அல்லது ஆங்கில எம் எழுத்தின் வடிவம் என்றால் கார்பைடு. பின்னால் வந்த சிலிக்கான் நைட்ரைடு இக்னைட்டர் சிறு தட்டையான பட்டையாகவோ பென்சில் போன்ற குச்சியாகவோ இருக்கும். உள்ளே உலோகக் கம்பி, வெளியே நைட்ரைடு உறை. சீக்கிரம் காயும், எளிதில் உடையாது, அதிக நாள் உழைக்கும்.

கை வைப்பதற்கு முன்

கேஸ் வாடை அடித்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிடுங்கள். ஸ்விட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். வீட்டில் உள்ள அனைவரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து 911க்கோ கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கோ பேசுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் இதேதான். ஃபர்னஸ் இருக்கும் தளத்திலும் படுக்கையறைகளுக்கு அருகிலும் அந்த அலாரம் இல்லையென்றால், இக்னைட்டர் வாங்கும் அதே நாளில் அதையும் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சட்டம். சொந்த வீட்டு ஃபர்னஸில் வீட்டுக்காரர் என்னென்ன செய்யலாம் என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். உள்ளூர் நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரோண்டோ பக்கம் நிலைமை வேறு. ஒன்டாரியோ மாகாணத்தில் கேஸ் சாதனங்களைப் பழுதுபார்ப்பது டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் பெற்ற டெக்னீஷியனின் வேலை. ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ இதைப் படிப்பவர்கள் அடுத்து வரும் கவனிக்கும் பகுதியை நன்றாகப் படித்துவிட்டு, மாற்றும் பகுதியை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். என்ன பழுது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரிடம் தேவையில்லாத உதிரிபாகத்தை யாரும் எளிதில் விற்க முடியாது.

வாடகை வீடு என்றால் ஸ்க்ரூவைத் தொடாமல் வீட்டு உரிமையாளரைக் கூப்பிடுங்கள்.

முதலில் பாருங்கள்

ஃபர்னஸின் பக்கவாட்டிலோ அருகில் உள்ள சுவரிலோ விளக்கு ஸ்விட்ச் மாதிரியே ஒரு ஸ்விட்ச் இருக்கும். சில வீடுகளில் அதன் தகடு சிவப்பாக இருக்கும். அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்மென்ட்டில் பெட்டி அடுக்கியவர் விளக்கு என்று நினைத்து அதை அணைத்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது. பிரேக்கரையும் பாருங்கள். ஏர் ஃபில்டரை உருவிப் பாருங்கள். தூசு அடைத்துப் போர்வையாகி இருந்தால் பழுதின் வேர் அங்கேயே இருக்கலாம். வெள்ளை பிவிசி குழாய் வழியாகப் புகை வெளியேற்றும் வகை ஃபர்னஸ் என்றால், வீட்டுக்கு வெளியே போய் அந்தக் குழாய்களின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட்டை அறையின் வெப்பத்தைவிட ஐந்து டிகிரி மேலே வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு ஃபர்னஸின் முன்னால் உட்காருங்கள். பர்னர் பக்கம் கண்ணாடி பதித்த சிறு துளை ஒன்று இருக்கும். பேஸ்மென்ட் விளக்கை அணைத்துவிட்டால் அதன் வழியாக நன்றாகத் தெரியும்.

ஃபர்னஸ் ஒவ்வொரு முறை பற்றும்போதும் ஒரே வரிசைதான். தெர்மோஸ்டாட் கேட்டதும் முதலில் சிறு மோட்டார் ஒன்று முனகத் தொடங்கும். அதுதான் இண்டியூசர், புகையை வெளியே இழுக்கும் விசிறி. அது போதுமான அளவு இழுக்கிறது என்று பிரஷர் ஸ்விட்ச் உறுதி செய்யும். டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். பழைய வாயு ஏதும் உள்ளே தங்கியிருந்தால் வெளியேற அரை நிமிடம் போல அவகாசம் கொடுத்துவிட்டு, கன்ட்ரோல் போர்டு இக்னைட்டருக்கு மின்சாரம் அனுப்பும். துளைக்குள் இருட்டில் மங்கிய சிவப்பு தோன்றி, ஆரஞ்சாகி, மஞ்சளை நெருங்கும். கார்பைடு வகைக்கு இதற்குப் பதினைந்து இருபது விநாடி தேவை. பிறகு கேஸ் வால்வு கணீரென்று திறக்கும், பர்னர்கள் வரிசையாகப் பற்றும். ஃபிளேம் சென்சார் என்ற மெல்லிய உலோகக் கம்பி சுடருக்குள் நின்று, சுடர் வழியே பாயும் சில மைக்ரோஆம்ப் மின்சாரத்தைப் போர்டுக்கு அனுப்பி, "தீ இருக்கிறது" என்று சாட்சி சொல்லும். சாட்சி கிடைக்காவிட்டால் போர்டு சில விநாடிகளில் கேஸை நிறுத்திவிடும். கிடைத்தால், சற்று நேரத்தில் பெரிய புளோயர் ஓடி இதமான சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும்.

இந்த வரிசை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இண்டியூசர் ஓடவே இல்லை என்றால் இக்னைட்டரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். தெர்மோஸ்டாட், மின்சாரம், போர்டில் உள்ள சிறு ஃபியூஸ், இண்டியூசர் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இண்டியூசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்றால் பிரஷர் ஸ்விட்ச் மூடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குழாய் அடைப்பு, பிளவுபட்ட ரப்பர் ட்யூப், தண்ணீர் வடியும் வழி அடைத்தல் ஆகியவை வழக்கமான காரணங்கள். இக்னைட்டருக்கு மின்சாரமே போகாத நிலை இது. இங்கே புதிய இக்னைட்டர் போட்டால் அதுவும் இருட்டில்தான் இருக்கும்.

இக்னைட்டர் ஒளிர்ந்து, பர்னரும் பற்றி, ஐந்தாறு விநாடியில் தீ அணைந்துவிட்டால் இக்னைட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. சந்தேகம் ஃபிளேம் சென்சார் மீது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்திருக்கும். கழற்றி, மெல்லிய ஸ்டீல் உல்லால் பளபளக்கத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இக்னைட்டரைத் தேவையில்லாமல் மாற்றுபவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பிரஷர் ஸ்விட்ச் டிக்கென்றது, அரை நிமிடம் கடந்தது, துளைக்குள் சிவப்பே தோன்றவில்லை என்றால் அப்போது இக்னைட்டர் மீது சந்தேகம் வருவது நியாயம்.

போர்டில் ஒரு எல்இடி விளக்கு மினுக்கும். கதவின் உட்பக்கம் ஒட்டிய தாளில் எத்தனை மினுக்கலுக்கு என்ன பொருள் என்று இருக்கும். மின்சாரத்தை அணைப்பதற்கு முன் அதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பல போர்டுகளில் அது அழிந்துவிடும். மூன்று நான்கு முறை முயன்றும் பற்றாவிட்டால் போர்டு தானே பூட்டிக்கொள்ளும்; பல மாடல்களில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் மறுபடி முயலும். இதை அறியாமல் ஃபர்னஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்விட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் பூட்டு விலகும். அடுத்தடுத்துப் பத்து முறை இப்படிச் செய்வது கூடாது. பற்றாத கேஸ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே வருகிறது.

மீட்டர் சொல்வது

ஃபர்னஸ் ஸ்விட்ச், பிரேக்கர் இரண்டையும் அணையுங்கள். கேஸ் குழாயில் உள்ள வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்புங்கள். சற்று முன்தான் ஒளிர்ந்தது என்றால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

இக்னைட்டரிலிருந்து வரும் இரண்டு வயர்களும் ஒரு பிளாஸ்டிக் கனெக்டரில் முடியும். அதன் தாழ்ப்பாளை அழுத்தி, வயரை இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துப் பிரித்தெடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இக்னைட்டர் பக்கத்து இரண்டு முனைகளிலும் தொடுங்கள். ஃபர்னஸ்களில் வரும் 120 வோல்ட் கார்பைடு இக்னைட்டர் குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 40 முதல் 90 ஓம் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்த சுற்று என்றால் உள்ளே அறுந்துவிட்டது, வாதம் முடிந்தது. நைட்ரைடு வகையின் அளவு மாடலுக்கு மாடல் வெகுவாக மாறும். பதினொரு ஓம் காட்டும் நல்ல இக்னைட்டரும் உண்டு. உங்கள் மாடலுக்கான தாளில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுவது ஒன்றே வழி.

கார்பைடு துண்டைக் கண்ணாலும் பாருங்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், சாம்பல் பரப்பின் குறுக்கே மயிரிழைக் கீறல் ஒன்று தெரியலாம். சில சமயம் கீறலின் இருபுறமும் வெளுத்த புள்ளி இருக்கும். கடைசி நாட்களில் அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது என்பதற்கான தடயம் அது. மீட்டர் நல்ல அளவைக் காட்டினாலும் கீறல் விழுந்த துண்டை நம்ப வேண்டாம். குளிரில் ஒட்டியிருப்பது காய்ந்ததும் விலகிவிடும்.

மீட்டர் நல்ல அளவைக் காட்டுகிறது, கீறலும் இல்லை, ஆனாலும் ஒளிரவில்லை என்றால், போர்டு மின்சாரம் அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபர்னஸை ஓடவிட்டு, கதவைக் கழற்றினால் மின்சாரத்தை நிறுத்தும் கதவு ஸ்விட்சைப் பிடித்து அழுத்திக்கொண்டு, கனெக்டரில் 120 வோல்ட் அளக்கும் வேலை இது. மின்சாரம் ஓடும் வயர்களோடு பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு டெக்னீஷியனை அழைப்பதே சரி. கதவு ஸ்விட்சை டேப் ஒட்டி நிரந்தரமாக அமுக்கி வைப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். கதவு இல்லாமல் ஃபர்னஸ் ஓடினால் எரிந்த புகை வீட்டுக் காற்றோடு கலக்க வழி ஏற்படும்.

எதை வாங்குவது

கதவின் உட்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதை வைத்துத் தேடுங்கள், பழைய இக்னைட்டரின் படத்தை வைத்துத் தேடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருப்பவை அடிப்பட்டையின் வடிவத்தில், நீளத்தில், வோல்ட்டில் வேறுபடும். பெரும்பாலானவை 120 வோல்ட். ஆனால் சில போர்டுகள் நைட்ரைடு இக்னைட்டருக்கு ஏறக்குறைய 80 வோல்ட்தான் அனுப்பும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் மாட்டினால் ஒன்று சரியாகக் காயாது, அல்லது சீக்கிரம் எரிந்துபோகும்.

கார்பைடு இருந்த இடத்தில் நைட்ரைடு போடலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளரே அங்கீகரித்த மாற்று இருந்தால் தாராளமாகப் போடுங்கள், விலை சற்றுக் கூடினாலும் பயன் உண்டு. எல்லா ஃபர்னஸுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பொதுவான நைட்ரைடு செட்களும் கிடைக்கின்றன. அவற்றில் பல அடிப்பட்டைகள் இருக்கும். தாளைப் படித்து உங்கள் மாடல் பட்டியலில் இருப்பதை உறுதி செய்த பிறகே வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் உத்தரவாதத் தாளைத் தேடிப் பாருங்கள். பதிவு செய்த பல ஃபர்னஸ்களுக்கு உதிரிபாகங்களுக்குப் பத்தாண்டு உத்தரவாதம் உண்டு. வீடு கைமாறியிருந்தால் அது குறைந்திருக்கலாம்.

மாற்றும் விதம்

இக்னைட்டரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் கால் அங்குல அறுகோணத் தலை கொண்ட ஒன்று அல்லது இரண்டு ஸ்க்ரூக்கள். அதற்குரிய நட் டிரைவர் போதும். அவிழ்ப்பதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, வயர் எந்த வழியாகப் போனது என்பது பிறகு தேவைப்படும். கடைசி ஸ்க்ரூ கழன்றதும் பீங்கான் அடியைப் பிடித்து, சாய்க்காமல் நேராக வெளியே இழுங்கள். பழையது உள்ளே உடைந்து விழுந்திருந்தால் துண்டுகளைத் தேடி எடுத்துவிடுங்கள்.

புதியதை டப்பாவிலிருந்து எடுக்கும்போதுதான் கவனம் தேவை. துண்டைச் சுற்றி ஸ்பாஞ்சோ அட்டை உறையோ இருக்கும். உள்ளே நுழைக்கும் கடைசி நிமிடம்வரை அதைக் கழற்றாதீர்கள். ஒளிரும் பகுதியில் விரல் படவே கூடாது. தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மற்ற இடத்தைவிட அதிகம் காய்ந்து, நாளடைவில் அங்கேயே கீறல் விழும். பட்டுவிட்டால் சுத்தமான ஆல்கஹாலில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றி உலரவிடுங்கள். கார்பைடு என்றால் அந்த ஒற்றலே உடைக்கக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். என் வழக்கம், டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஸ்க்ரூவையும் நட் டிரைவரையும் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது. ஒரு கையில் இக்னைட்டரை வைத்துக்கொண்டு மறு கையால் தரையில் ஸ்க்ரூ தேடும்போதுதான் துண்டு எங்காவது இடிக்கிறது.

புதியதை நேராக உள்ளே நுழைத்துவிடுங்கள். முதலில் ஸ்க்ரூவை விரலால் சுற்றிப் பிடிக்கவிட்டு, பிறகு நட் டிரைவரால் மெதுவாக இறுக்குங்கள். பலம் போட்டு இறுக்கினால் பீங்கான் அடி பிளக்கும். துண்டு பர்னரின் உலோகத்தைத் தொடாமல், பழையது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வயர் பர்னர் சூட்டில் படாதபடி பழைய வழியிலேயே கொண்டுபோய் கனெக்டரைச் சொடுக்கென்று மாட்டுங்கள்.

கேஸ் வால்வைத் திறந்து, கதவை மூடி, மின்சாரத்தைப் போட்டு, மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்து முழு வரிசையையும் பாருங்கள். கார்பைடின் முதல் ஒளிர்வில் லேசான புகையோ வாடையோ வரலாம். சுடர் நீலமாக, அமைதியாக, ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்குத் தயங்காமல் ஓட வேண்டும். பற்றும்போது டம் என்ற சத்தத்தோடு குலுங்கினால் அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அது இக்னைட்டர் விஷயமல்ல, பர்னர் அடைப்போ கேஸ் அழுத்தமோ காரணமாக இருக்கும்.

ஏன் செத்தது

கார்பைடு இக்னைட்டர் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைத்துவிட்டுப் போனால் அது இயல்பான முடிவு. ஒவ்வொரு குளிர்காலமும் ஒன்று போகிறதென்றால் வேறெங்கோ குறை இருக்கிறது. அதைத் தேடாமல் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

பெரும்பாலும் குற்றவாளி அடைத்த ஏர் ஃபில்டர். காற்று ஓட்டம் குறைந்தால் உள்ளே சூடு மிஞ்சும், பாதுகாப்பு ஸ்விட்ச் பர்னரை அணைக்கும், ஆறியதும் மறுபடி பற்றும். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை ஒளிர வேண்டிய துண்டு பத்து முறை ஒளிர்கிறது. ஆயுள் அதே விகிதத்தில் குறையும். வீட்டின் தேவையைவிடப் பெரிய ஃபர்னஸைப் பொருத்தியிருந்தாலும் இதே கதைதான்.

பேஸ்மென்ட்டில் புதிதாகச் சுவர் எழுப்பி டிரைவால் தேய்த்த வீடுகளில், அந்த வெள்ளைத் தூசு காற்றோடு போய்ச் சூடான துண்டின் மேல் படிந்து அதைக் கெடுக்கும். வேலை நடக்கும் நாட்களில் ஃபர்னஸை நிறுத்தி வைக்க முடிந்தால் நல்லது. வீட்டுக்கு வரும் மின்சாரமே 125 வோல்ட்டைத் தாண்டினால் துண்டு அளவுக்கு மேல் காயும். அது மின் நிறுவனத்திடம் சொல்ல வேண்டியது. மேலிருந்து தண்ணீர் சொட்டுவது, கேஸ் அழுத்தம் அதிகமாகிச் சுடர் துண்டின் மேலேயே மோதுவது ஆகியவையும் உண்டு. பிந்தையதை அழுத்தமானி இல்லாமல் சரிசெய்ய முடியாது.

ஓவன்: ஒளிர்ந்தாலும் கெட்டிருக்கலாம்

சமையலறை கேஸ் ஓவனிலும் இதே இக்னைட்டர்தான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. ஃபர்னஸ் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் தவறாகப் போகும்.

ஓவனில் போர்டு வால்வைத் தனியாகத் திறப்பதில்லை. இக்னைட்டரும் கேஸ் வால்வும் ஒரே சுற்றில் தொடராக இணைந்திருக்கும். இக்னைட்டர் காயக் காய அதன் வழியே போகும் மின்சாரம் ஏறும். போதுமான ஆம்ப் வந்ததும்தான் வால்வுக்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டை வளைந்து கேஸை விடும். இது நல்ல பாதுகாப்பு ஏற்பாடு. பற்றவைக்கும் அளவு காயாத இக்னைட்டரால் வால்வைத் திறக்க முடியாது. இக்னைட்டருக்கு வயதானால் ஒளிரும், ஆனால் ஆம்ப் ஏறாது.

நண்பர் ஒருவர் வீட்டு ஓவன் 350 டிகிரியை எட்ட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. போனில் சொன்னார்: "அண்ணா, இக்னைட்டர் நல்லாத்தான் இருக்கு, செக்கச்செவேல்னு எரியுது. வால்வுதான் போச்சு, ஆர்டர் போட்டுட்டேன்." "வந்தா பிரிக்காம வைங்க தம்பி, முதல்ல ஆம்ப் பாத்துருவோம்" என்றேன். அவருடையது தட்டையான வகை. அதற்கு 3.2 முதல் 3.6 ஆம்ப் வேண்டும். கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு வயரை மட்டும் விட்டு ஓவனைப் போட்டோம். எண் 2.4, 2.6 என்று ஏறி 2.8இல் நின்றுவிட்டது. துண்டு ஆரஞ்சாகத்தான் இருந்தது. வால்வைத் திருப்பி அனுப்பிவிட்டு இக்னைட்டரை மாற்றினார். உருளை வடிவ வகைக்குத் தேவை 2.5 முதல் 3.0 ஆம்ப். எந்த அளவு வேண்டும் என்று வால்வின் மேலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு.

மீட்டர் இல்லாதவர்கள் கடிகாரத்தைப் பாருங்கள். ஓவனைப் போட்டு ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகியும் பற்றவில்லை என்றாலோ, பற்றுவதற்கு முன் கேஸ் வாடை வந்தாலோ இக்னைட்டர் தளர்ந்துவிட்டது. ஓம் அளவு இங்கே உதவாது. குளிர்ந்த நிலையில் தளர்ந்ததும் புதியதும் ஒரே மாதிரி காட்டலாம். வால்வைச் சோதிக்கிறேன் என்று 120 வோல்ட்டை நேராக அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். தொடர்ச் சுற்றில் அதன் பங்குக்கு வருவது சில வோல்ட்தான். நேரே கொடுத்தால் அப்போதே எரிந்துபோகும்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, கேஸை மூடி, ஓவனின் அடித்தட்டை எடுத்தால் பர்னரோடு இக்னைட்டர் தெரியும். சில புதிய இக்னைட்டர்களில் கனெக்டர் இருக்காது, வயரை வெட்டி இணைக்க வேண்டும். அதற்கு டப்பாவோடு வரும் பீங்கான் வயர் நட்டையே பயன்படுத்துங்கள். சாதாரண பிளாஸ்டிக் நட் ஓவன் சூட்டில் உருகி, வயர் வெறுமையாகி உடலைத் தொடும்.

டிரையர்

கேஸ் டிரையரில் இக்னைட்டர் அடியில் உள்ள பர்னர் குழலுக்குள் இருக்கும். மாற்றும் விதத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய துணிப்பஞ்சைச் சுற்றிலும் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும் பொருள். கண்டுபிடிக்கும் விதம்தான் தனி. குழலின் பக்கத்தில் சூட்டை உணரும் ஒரு சிறு சென்சாரும், கேஸ் வால்வின் தலையில் இரண்டு காயில்களும் உண்டு. இக்னைட்டர் காய்ந்ததும் சென்சார் அதை உணர்ந்து திறந்து, மின்சாரத்தைக் காயில்களுக்குத் திருப்பும். வால்வு திறக்கும்.

கீழ்ப்பலகையைக் கழற்றி டிரையரை ஓடவிட்டுப் பாருங்கள். இக்னைட்டர் ஒளிர்ந்து, அணைந்து, தீ வரவில்லை என்றால் காயில்கள். அவற்றை இரண்டாகச் சேர்த்தே மாற்றுவது வழக்கம். ஒளிர்ந்தது ஒளிர்ந்தபடியே நின்றால் சென்சார் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒளிரவே இல்லை என்றால் இக்னைட்டரையும் தெர்மல் ஃபியூஸையும் மீட்டரால் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதை மாற்றுவதோடு நிற்காமல், சுவரைத் தாண்டி வெளியே போகும் காற்றுக் குழாயை முனைவரை சுத்தம் செய்யுங்கள். அடைத்த குழாயோடு ஓடினால் புதிய ஃபியூஸும் சில வாரங்களில் போய்விடும்.